சின்ன வண்டியும் ஏரிவலசை திரௌபதியும்

ஏரிவலசை திரௌபதிக்கு மெதுவாகப் பேச வராது. அவள் ஒருத்தி காதில் ரகசியம் சொன்னால் அடுத்த மேட்டில் சாமை அறுக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். புதூர்நாட்டு மலைப் பக்கத்துக் குக்கிராமங்களில் வீட்டுக்கு வீடு அவளைப் போலப் பேசிக் காட்ட ஒருவர் உண்டு. ஒரு கை இடுப்பில், இன்னொரு கையில் முந்தானை நுனி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, "இன்னாங்க நீங்க சொல்றது?" அவ்வளவுதான், சுற்றி இருப்பவர்கள் சிரித்துவிடுவார்கள். அவள் யாரிடமாவது அந்த மரியாதை 'ங்க'வோடு ஆரம்பித்தால், எதிரில் நிற்பவர் வேறு வேலையைப் பார்க்கப் போவது நல்லது.

மலைக்கு வரும் மினி பஸ் ஏரிவலசை வளைவில் நிற்காமல் போய்க்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. ஒரு நாள் திரௌபதி தலையில் பலாப்பழத்தோடு நடுரோட்டில் நின்றாள். டிரைவர் ஆரனை அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டுத் தலையை வெளியே நீட்டினார்.

"யம்மா, தள்ளிப் போ! இங்க ஸ்டாப்பு இல்ல."

"இப்ப பஸ்சு நிக்கிதா இல்லியா?"

"நிக்கிது. நீ குறுக்க நிக்கிற, அதான் நிக்கிது."

"அப்ப இதான் ஸ்டாப்பு. டிக்கெட்டு குடுங்க."

இன்றைக்கும் கண்டக்டர் அந்த வளைவில் 'திரௌபதி ஸ்டாப்பு எறங்கு' என்றுதான் கத்துகிறார். அவளுக்கு அதில் பெருமை கிடையாது, பழத்தின் கனத்தில் கழுத்து பிடித்துக்கொண்டது மட்டும்தான் நினைவிருக்கிறது.

அவளுடைய கணவன் மோகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், பண்டிகைக்கு வருவான். வீட்டில் அவளும் தம்பி சின்னதம்பியும்தான். சின்னதம்பி ஒரு காலத்தில் அந்த மலையிலேயே உயரமான புளிய மரங்களில் ஏறிக் கிளை உலுக்கியவன். அப்படி ஒரு கிளையிலிருந்துதான் விழுந்தான். இடுப்புக்குக் கீழே எதுவும் அவன் பேச்சைக் கேட்பதில்லை. இடுப்புக்கு மேலே, குறிப்பாக வாய், மரம் ஏறிய நாளைவிட வேகமாக வேலை செய்கிறது. கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி ஊரில் எல்லோர் குரலிலும் பேசுவான். அக்கா குரலில் அவன் கத்தினால் மாடு கொட்டிலுக்குத் திரும்பி வந்துவிடும்.

வீடு புல் வேய்ந்த கூரை. பக்கத்திலேயே கேழ்வரகுத் தாள் போர். போன பங்குனியில், ஊரே களத்திலும் புளியந்தோப்பிலும் இருந்த ஒரு மத்தியான நேரத்தில் அந்தப் போர் பற்றிக்கொண்டது. எப்படிப் பற்றியது என்று யாருக்கும் தெரியாது. காற்று வீட்டுப் பக்கமாக அடித்தது. வாசலுக்குப் போகும் சந்து முழுக்கத் தாள் எரிந்து விழுந்துகொண்டிருந்தது. உள்ளே கட்டிலில் சின்னதம்பி.

திரௌபதி சந்துக்குள் போகப் பார்த்தாள், முடியவில்லை. திரும்பி ஓடினாள். ஓடினது தீயணைப்பு நிலையத்துக்கு.

நிலையம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். சாலை ஓரத்தில் தகரக் கொட்டகை. அதற்குள் ஒரு சின்ன வண்டி. மலை வளைவில் திரும்ப வேண்டுமென்று குட்டையாக, முதுகில் தண்ணீர்த் தொட்டியோடு, சிவப்புப் பூசிய ஜீப் மாதிரி இருக்கும். மலைக்காரர்கள் அதைச் 'சின்ன வண்டி' என்பார்கள். ஓட்டுகிறவர் தங்கவேல், ஒடுகத்தூர்க்காரர். அன்றைக்குக் கொட்டகை வாசலில் அவள் வந்து நின்றபோது அவர் சாப்பாட்டுத் தட்டில் கை வைத்திருந்தார்.

"இன்னாம்மா, இப்பிடி மூச்சு வாங்குது? உக்காரு. தண்ணி குடி."

அவள் உட்காரவில்லை. சொம்பைத் தொடவில்லை. நிலைப்படிக்கு வெளியே நின்று, "ஏரிவலசையில நெருப்பு. என் தம்பி உள்ள கீறான்," என்றாள். சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மலையில் அதுதான் முறை. கெட்ட சேதியை ஆள் விட்டுத்தான் சொல்வார்கள். சாவானாலும் சரி, மரத்திலிருந்து விழுந்ததானாலும் சரி, நெருப்பானாலும் சரி. சேதி கொண்டுபோனவர் உட்காரக் கூடாது, ஒரு வாய் தண்ணீர் குடிக்கக் கூடாது. கேட்டவர் எழுந்து நின்று 'வர்றேன்' என்று சொன்ன பிறகுதான் சேதி சேர்ந்ததாக அர்த்தம். அதற்குப் பிறகு குடிக்கலாம், அழலாம், மயங்கி விழலாம்.

தங்கவேலுக்கு அப்போது இந்த முறையெல்லாம் தெரியாது. ஆனாலும் கை கழுவாமலே எழுந்துவிட்டார். "தோ வர்றேன், ஏறு வண்டில."

சின்ன வண்டி போய்ச் சேர்ந்தபோது கூரையின் ஒரு மூலை பிடித்திருந்தது. சந்தில் தண்ணீரை அடித்துக்கொண்டே உள்ளே நுழைந்த தங்கவேலும் வண்டி ஆட்களும் சின்னதம்பியைக் கட்டிலோடு தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். முகம் முழுக்கக் கரி, கண் மட்டும் வெள்ளை. முதல் பேச்சாக அவன் சொன்னது, "ணா, சாப்ட கைய கழுவிட்டு தூக்கியிருக்கலாம்ல? மேலெல்லாம் ரசம்."

திரௌபதி அன்றைக்குத்தான், அவள் வாழ்நாளிலேயே முதன்முறையாக, ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள் என்று ஊரில் சொல்வார்கள்.

இந்த வருஷம் தை முடிகிற சமயம். தங்கவேல் அவள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை. மலையில் இத்தனை நாள் இருந்ததில் முறை பழகியிருந்தது.

"சொல்லுணா."

"சின்ன வண்டிய கீழ எட்த்துனு போறாங்க, திரௌபதி. மாசி பொறந்ததும். ஆர்டரு வந்துச்சு. எனக்கும் கீழதான் டூட்டி."

"ஏன்?"

"மலையில தீயே புடிக்கிறதில்லயாம்."

உள்ளே கட்டிலிலிருந்து சின்னதம்பியின் சிரிப்பு வந்தது. "நான் இன்னா, வெய்யில்ல கருத்தனா?"

தங்கவேல் விளக்கினார். கீழே டவுன் ஆபீசில் கட்டுப்பாட்டு அறை என்று ஒன்று இருக்கிறது. அங்கே போன் வர வேண்டும். போன் வந்தால்தான் அது தீ. போன் வராத தீ, தீயே இல்லை. மலையில் யாரும் போன் பண்ணுவதில்லை, ஆள்தான் விடுகிறார்கள். ஆள் வந்து நின்றதும் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போகிறார். மேலிடத்துக்கு அது 'ரோந்து' போனதாகத்தான் தெரியும். இப்படி ஊர் சுற்றுகிற வண்டி எதற்கு, கீழே இருந்தாலாவது டவுனுக்கு ஆகும், மலைக்கு வேண்டுமென்றால் அங்கிருந்தே அனுப்பிக்கொள்ளலாம் என்று முடிவு பண்ணிவிட்டார்கள்.

"கீழேர்ந்து இங்க வர்றதுக்குள்ள..." திரௌபதி முடிக்கவில்லை.

"அத்தினி வளைவும் ஏறி வரணும். வர்றது பெரிய வண்டி. பாதி வளைவுல ரிவர்ஸ் எட்த்துதான் திருப்பணும்," என்றார் தங்கவேல். "கூரை எரியறது அதுவரைக்கும் காத்துனு இருக்காது."

அவர் போன பிறகு சின்னதம்பி யார் குரலையும் எடுக்காமல் தன் குரலில் பேசினான்.

"யக்கா, நான் ஒண்ணு சொல்லட்டா? ஆலங்காயத்துல பெரியம்மா மவன் வூடு கீது. மாடி வூடு, சிமிண்டு. என்ன அங்க கொண்டுபோய் வுட்டுடு. கூரை எரிஞ்சா நீ மாட்ட அவுத்துனு ஓடிடுவ. நான்தான லோடு."

"அங்க போய் இன்னா பண்ணுவ?"

"செவுத்த பாத்துனு படுத்திருப்பேன்."

"இங்க?"

சின்னதம்பி வாசலைப் பார்த்தான். வாசல் வழியாகத் தெரிவது அவன் ஏறின புளிய மரங்கள், எதிர் மேட்டுக் களம், வருகிற போகிற ஆட்கள், அத்தனை பேரின் குரல்.

"இன்னாங்க நீங்க சொல்றது?" என்றாள் திரௌபதி.

தம்பிக்கே 'ங்க' போட்டுவிட்டாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

மறுநாள் காலையிலேயே ஊர்க்கவுண்டர் கோபால் வீட்டு வாசலில் ஆட்கள் கூடினார்கள். கோபால் அவளுக்கு மாமா முறை. எது பேசினாலும் முதலில் தொண்டையைச் செருமி, மலை முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு 'ம்ம்ம்' போட்டுவிட்டுத்தான் வார்த்தையை விடுவார். அவள் விஷயத்தைச் சொன்னாள். இனிமேல் நெருப்பு என்றால் போன் பண்ண வேண்டும். ஆள் விட்டாலும் விடலாம், போனும் பண்ண வேண்டும்.

"ம்ம்ம்," என்றார் கோபால். "எரியற சேதிய போன்ல சொல்றதா? மாப்ள, மாமன், பங்காளின்னு எவனும் மதிக்க மாட்டான். இவன் வூட்டுல ஆளே இல்லியா, போன்ல சொல்றானேன்னு கேப்பான்."

"அவங்க மாமன் மச்சான் இல்ல மாமா. ஆபீசு."

"ஆபீசுக்கு இன்னா, மரியாத இல்லியா?"

அரை நாள் பேசினார்கள். கடைசியில், கீழே இருக்கிறவர்களின் முறை அப்படியென்றால் அப்படியே செய்துவிட்டுப் போகலாம் என்று கோபால் இறங்கி வந்தார். திரௌபதி அதோடு விடவில்லை. பக்கத்து ஊர்களுக்கெல்லாம் நடந்தாள். ஊருக்கு மேலே இருக்கும் பெரிய பாறையில் ஏறினால்தான் போனில் ஒரு கோடு சிக்னல் வரும். வயதானவர்களைக் கைப்பிடித்து அந்தப் பாறைக்கு ஏற்றினாள். எந்த நம்பர், என்ன சொல்ல வேண்டும், ஊர்ப் பேரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுத்தாள். எரிகிறபோதுதான் பேச வேண்டும் என்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டாள். அது சொல்லவேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

முதல் போன் கெங்கம்மாளுடையது. திரௌபதிக்கு அத்தை முறை, போனை இரண்டு கையாலும் கோழி பிடிக்கிற மாதிரி பிடிப்பவள். மறுமுனையில் தேன் தடவிய ஒரு பெண் குரல்.

"வணக்கம். தீயணைப்புக் கட்டுப்பாட்டு அறை. எங்கே தீ?"

"தீயா? இங்க எங்கயும் இல்லியே கண்ணு. அங்க எங்கனா எரியிதா?"

"அம்மா, நீங்கதானே கூப்பிட்டீங்க?"

"ஆமா. எரிஞ்சா கூப்டணுமாம். எரியறப்போ திடீர்னு பேசினா நீ யாருன்னு கேப்ப. அதான் இப்பவே பழகிக்கலாம்னு. உன் பேரு இன்னா? சாப்ட்டியா?"

அடுத்து கோபால். "ம்ம்ம். ஏரிவலசை ஊர்க்கவுண்டன் பேசறேன். இன்னிக்கி எங்க பக்கம் ஒண்ணும் எரியல. நல்லபடியா கீறோம். நாளைக்கும் சொல்றேன்."

சொன்னபடி நாளைக்கும் சொன்னார். அதற்கு மறுநாளும் சொன்னார். ஏரிவலசை சொல்கிறதென்றால் தாங்கள் என்ன குறைச்சலா என்று மற்ற ஊர்க்காரர்களும் பாறைக்குப் போட்டி போட்டு ஏறினார்கள். ஒருத்தரிடம் கதவு எண் கேட்டிருக்கிறார்கள். "கதவு நம்பரா? கதவே இல்லியேம்மா, தட்டிதான் கீது," என்று அவர் சொல்ல, அந்தப் பெண் சிரித்துவிட்டாளாம். நல்ல பொண்ணு என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். புளி நன்றாக விளைந்திருக்கிறது, கீழே வருபவர்களிடம் கொடுத்தனுப்புகிறோம் என்றும் ஒருவர் போனில் சொல்லி வைத்தார்.

வாரம் முடிவதற்குள் ஒரு ஜீப் மலையேறி வந்தது. இறங்கியவர் குணசீலன், டவுன் அதிகாரி. மடிப்புக் கலையாத காக்கி. ஒவ்வொரு வார்த்தைக்கு நடுவிலும் ஒரு முற்றுப்புள்ளி வைத்துப் பேசுவார். கொட்டகை வாசலில் தங்கவேல் விறைத்து நின்றார். விஷயம் கேள்விப்பட்டு திரௌபதி ஓடி வந்தாள், பின்னால் ஊர்.

"யாரு. இங்க. திரௌபதி?"

"நான்தாங்க."

"பொய் போன். பண்ணச் சொன்னது. நீதானா? அது குற்றம். தெரியுமா? அங்க டவுன்ல நெஜமா எரியறவன் லைன் கெடைக்காம நிக்கிறான். உங்க ஊர்க்காரங்க சாப்ட்டியா தூங்கினியான்னு கேட்டுனு கீறாங்க!"

கடைசி வரியில் முற்றுப்புள்ளிகளும் காக்கியின் மிடுக்கும் போய் அவருடைய சொந்த ஊர்ப் பேச்சு எட்டிப் பார்த்துவிட்டது. அவரும் இந்தப் பக்கத்து ஆள்தான்.

திரௌபதிக்கு முகம் சுருங்கிவிட்டது. லைன் கிடைக்காமல் யாரோ நிற்கிறான் என்ற இடத்தில் அவளுக்குச் சுருக்கென்றது. சந்து எரிய எரிய நின்றவள் அவள்.

"அது தப்புதாங்க. நான் சரியா சொல்லித் தரல. இன்னிக்கே நிறுத்திடறோம். ஆனா வண்டிய எடுக்காதீங்க. போன வருசம் எங்க வூடு எரிஞ்சிது. மேல்வலசையில மாட்டுக் கொட்டா எரிஞ்சிது. பலாத்தோப்பு மேட்டுல காட்டு நெருப்பு எறங்கி வந்துச்சு. எல்லாத்துக்கும் இந்த வண்டிதான் வந்துச்சு."

"சும்மா சொல்லக் கூடாது. அத்தினி எரிஞ்சிருந்தா எனக்குத் தெரியாமலா இருக்கும்? என்கிட்ட யாரு வந்து சொன்னாங்க? ஒருத்தர். ஒரே ஒருத்தர். வந்து சொல்லியிருக்காங்களா?"

திரௌபதி பின்னால் நின்ற ஊரைத் திரும்பிப் பார்த்தாள்.

"இல்லீங்க," என்றாள். "அது எங்க தப்புதான். உங்களுக்கு யாரும் வந்து சொல்லல."

குணசீலனுக்கு இவ்வளவு சீக்கிரம் ஜெயித்ததில் கொஞ்சம் சங்கடமாகவே இருந்தது. "சரி சரி. இனிமே ஒழுங்கா இருங்க," என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஜீப் வளைவில் மறைந்ததும் கோபால், "ம்ம்ம். இன்னா திரௌபதி, இப்பிடி வுட்டுக் குடுத்துட்ட?" என்றார்.

"மாமா, அவரு கேட்டது ஞாயம். நெருப்பு சேதிய தங்கவேல் அண்ணன் கிட்ட சொன்னோம். பெரிய வூட்டுக்கு, அந்த டவுன் ஆபீசுக்கு, சொன்னமா? நம்ம ஊருல ஒரு சாவு வுழுந்து, சம்பந்தி வூட்டுக்கு மட்டும் சேதி சொல்லாம வுட்டா அவங்க வருவாங்களா? வரமாட்டாங்க. எனக்கு தெரியாதுன்னுதான் சொல்லுவாங்க."

கோபால் தாடையைத் தடவினார். பிறகு, "எப்ப போலாம்?" என்றார். 'ம்ம்ம்' போட மறந்துவிட்டார்.

நெருப்பு கண்ட ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு ஆள். அதுதான் முறை. ஊரே திரண்டு போனால் அது ஊர்வலம், சேதி சொல்வது ஆகாது. மூன்று ஜீப்பில் இடித்துப் பிடித்து ஏறி மலை இறங்கினார்கள். டவுன் ஆபீஸ் வாசலில் இருந்த காவல்காரர் இவ்வளவு பேரை ஒன்றாகப் பார்த்துவிட்டு, "மனு குடுக்கவா? திங்கக்கிழம வாங்க," என்றார்.

"மனு இல்லீங்க. சேதி சொல்ல வந்திருக்கோம்," என்றாள் திரௌபதி.

"இன்னா சேதி?"

"கெட்ட சேதி."

அவர் பதறி வழிவிட்டார்.

குணசீலன் அறையில் மேசைக்குப் பின்னால் இருந்தார். மலைக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக நுழைந்து சுவரோரமாக நின்றார்கள். இடம் போதாமல் தாழ்வாரத்தில் நின்றார்கள்.

"என்னம்மா இது? கூட்டமா வந்து. மிரட்டறீங்களா?"

"இல்லீங்க. நீங்கதான சொன்னீங்க, யாரும் வந்து சொல்லலன்னு. அதான் வந்தோம்."

அவர் பெருமூச்சு விட்டார். இத்தனை பேர் மலையிலிருந்து வந்திருக்கிறார்கள், வெயில் வேறு. "சரி, உக்காருங்க. பெஞ்சு கீது பாரு. தண்ணி குடு இவங்களுக்கு," என்று உதவியாளரிடம் சொன்னார்.

யாரும் உட்காரவில்லை. உதவியாளர் டம்ளரை நீட்டினார். யாரும் வாங்கவில்லை. கெங்கம்மாள் ஜீப்பில் வழியெல்லாம் வாந்தி எடுத்து நாக்கு வறண்டு நின்றாள். டம்ளரைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்தாள்.

திரௌபதி ஒரு அடி முன்னால் வந்தாள். அவளுக்கு வராத மெதுவான குரலில் பேசினாள். ஆனாலும் தாழ்வாரம் வரை கேட்டது.

"ஏரிவலசையில நெருப்புங்க. எங்க வூட்டு தாளுப்போரு. என் தம்பி உள்ள படுத்திருந்தான், அவனுக்கு நடக்க வராது. கட்டிலோட வெளிய எடுத்தாங்க."

சொல்லிவிட்டு நகர்ந்தாள். மேல்வலசைக்காரர் வந்தார். "மேல்வலசையில நெருப்புங்க. மாட்டுக் கொட்டா. சினை மாடு. கயித்த அறுத்துவுட்டோம். கன்னு தக்கல." பலாத்தோப்பு மேட்டு ஆள் வந்தார். அடுத்து கெங்கம்மாள். "எம் பேத்தி துணி காயவெச்ச கொடியில புடிச்சிதுங்க. தோ, இந்த கையி." புடவையை விலக்கி முழங்கையைக் காட்டினாள். தோல் சுருங்கி இழுத்திருந்தது. ஒவ்வொருவரும் ஊரைச் சொன்னார்கள், எரிந்ததைச் சொன்னார்கள், நகர்ந்து நின்றார்கள். யாரும் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆரம்பத்தில் குணசீலன் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். கெங்கம்மாள் கையைக் காட்டியபோது பேனா உருள்வது நின்றது.

கடைசி ஆளும் சொல்லி முடித்தார். அறையில் மின்விசிறி சத்தம். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"சரிம்மா, கேட்டுக்கிட்டேன். உக்காருங்க."

நின்றார்கள்.

"தண்ணியாவது குடிங்களேன். அந்தம்மா மயக்கம் போட்டுடும் போல கீது. ஏன் குடிக்க மாட்டேங்கறீங்க?"

"நீங்க எழுந்து வர்றேன்னு சொல்லுங்க. குடிக்கிறோம்," என்றாள் திரௌபதி. "எங்க பக்கம் அப்பிடிதாங்க. அதுவரைக்கும் சேதி சேரல."

"எங்கம்மா வர்றது? எல்லாம் எப்பவோ எரிஞ்சு அணைஞ்சி போச்சே!"

"ஆனா உங்களுக்கு இன்னிக்கிதாங்க தெரிஞ்சிது."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மீட்டிங் இருந்தது. ஜன்னலைப் பார்த்தார். கெங்கம்மாளின் உதட்டைப் பார்த்தார், வெடித்திருந்தது. உதவியாளர் டம்ளரைப் பிடித்த கையோடு, ஒரு வார்த்தைதானே சார் என்பதுபோல அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

குணசீலன் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். எழுந்து நின்றார். அவருக்கே கேட்காத குரலில், "வர்றேன்," என்றார்.

அடுத்த நொடி டம்ளர்கள் பறந்தன. தண்ணீர் கேன் காலியாகி இன்னொன்று வந்தது. கெங்கம்மாள் பெஞ்சில் சரிந்து உட்கார்ந்து, "எம்மாடி, கட்டுப்பாட்டு ரூம்பு பொண்ணு எங்க கீது? ஒரு தபா பாத்துட்டு போயிடறேன்," என்றாள். உண்மையாகவே அந்தப் பெண்ணைக் கூட்டிவந்து காட்டினார்கள். கெங்கம்மாள் அவள் கன்னத்தைக் கிள்ளி, "குரலுக்கு நீ குண்டா இருப்பேன்னு நெனச்சேன். சாப்பாடே போடறதில்லியா இவங்க?" என்று அதிகாரியைப் பார்த்தாள்.

சொன்ன வார்த்தையைக் குணசீலன் காப்பாற்றினார். மறுநாளே மலைக்கு வந்தார். திரௌபதி விடவில்லை, சேதி சொன்ன ஒவ்வொரு வீட்டுக்கும் நடத்திக் கூட்டிப்போனாள். சாய்ந்த கொட்டாயைப் பார்த்தார். கருகிய பலா மரங்களைப் பார்த்தார். மடிப்புக் கலையாத காக்கி முழுக்க முள்ளும் கரியுமாக அவர் ஏரிவலசைக்கு வந்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. புதுப் புல் வேய்ந்திருந்த கூரை மூலையை அண்ணாந்து பார்த்துவிட்டு, குனிந்து உள்ளே வந்தார். கட்டிலில் சின்னதம்பி எழ முடியாமல் கும்பிட்டான்.

"வாங்க சார். நடந்தே வந்தீங்களா? எனக்கும் சேத்து நடந்துட்டீங்க."

அவர் சிரிக்கவில்லை. சந்தின் நீளத்தைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், மறுபடி சந்தைப் பார்த்தார். பிறகு கட்டிலின் ஓரத்திலேயே உட்கார்ந்துகொண்டார். திரௌபதி கேழ்வரகுக் கூழ் கொடுத்தாள், குடித்தார்.

"திரௌபதிம்மா, உண்மைய சொல்லிடறேன்," என்றார். இப்போது முற்றுப்புள்ளிகள் எதுவும் இல்லை. "ஆர்டர நான் போடல. என்னால ரத்து பண்ண முடியாது. காத்து அடங்கி மழ பெய்யற வரைக்கும் வண்டி இங்கயே இருக்கட்டும்னு நிறுத்தி வெக்க முடியும். அத இன்னிக்கே எழுதிடறேன். ஆள் வந்து சொன்னாலும் தங்கவேல் உடனே எங்களுக்கு வயர்லெஸ்ல சொல்லிடட்டும், அதுவும் போன் மாதிரி கணக்குல வந்துடும். ஆனா மழைக்கு அப்பறம் முடிவு பண்றது நான் இல்ல. பெரிய ஆபீசு."

சின்னதம்பி அக்காவைப் பார்த்தான். இந்த வெயிலுக்குப் போதும், அடுத்த வெயிலுக்கு ஆலங்காயத்துச் சுவர்தானா என்று கேட்கிற பார்வை அது.

திரௌபதி காலிச் சொம்பை அதிகாரி கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"பெரிய ஆபீசு எங்கங்க கீது?"

"மெட்ராசுல."

"மெட்ராசுல எங்க?"

"எதுக்கும்மா?"

"அவங்களுக்கும் யாரும் வந்து சொல்லலயேங்க."

குணசீலன் அவளை நிமிர்ந்து பார்த்தார். முந்தானை நுனி அவள் விரலில் சுற்றிக்கொண்டிருந்தது. மெட்ராஸ் ஆபீசின் தாழ்வாரம் அவர் கண்ணுக்குள் வந்திருக்க வேண்டும். அங்கே இருக்கும் பெரிய பெரிய நாற்காலிகளும், அவற்றில் இருப்பவர்களும், சுவரோரமாக நெருப்புப் பட்ட கையோடு தண்ணீர் குடிக்காமல் நிற்கப்போகும் கெங்கம்மாளும். அவர் முகத்தில் அன்றைக்கு முதன்முறையாக ஒரு சிரிப்பு மெல்லக் கிளம்பியது.

"வாணியம்பாடி போய் ரயில் ஏறுங்க," என்றார். "சென்ட்ரல்ல எறங்கினா பஸ்சு கெடைக்கும். மொதல்ல அங்க யாரப் பாக்கணும்னு நான் சொல்றேன். அவர் நல்ல மனுசன்தான். ஆனா லேசுல எழுந்திரிக்க மாட்டாரு."

"நாங்களும் லேசுல உக்கார மாட்டோங்க," என்றாள் திரௌபதி. "எத்தினியாவது மாடி?"